அமெரிக்காவில் பிடித்தது போதாதா? வெளிநாட்டு ஷேர் டிவிடெண்டுக்கு இங்கேயும் வரி! கணக்கு காட்டாவிட்டால் ரூ.10 லட்சம் வரை வேட்டு

கோவை:

கோவை சரவணம்பட்டி, கீரணத்தம், பீளமேடு பகுதிகளில் உள்ள ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் பலருக்கு சம்பளத்தோடு அமெரிக்க தாய் கம்பெனியின் ஷேரும் கிடைக்கிறது. செல்போன் ஆப் மூலம் ஆப்பிள், மைக்ரோசாப்ட் ஷேரை அரை, கால் என்று துண்டு துண்டாக வாங்கி வைத்திருக்கும் இளைஞர்கள் இன்னொரு பக்கம். தஞ்சாவூர், புதுக்கோட்டை பக்கம் போனால், சிங்கப்பூரில் 15, 20 வருஷம் உழைத்து விட்டு ஊர் திரும்பியவர்கள் அங்கே வாங்கிய ஷேரை அங்கேயே விட்டு வந்திருப்பதும் உண்டு.

இந்த ஷேர்களுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறையோ, 6 மாதத்துக்கு ஒருமுறையோ டிவிடெண்ட் வந்து விழுகிறது. நிறைய பேருக்கு அது 4 டாலர், 5 டாலர்தான். ஆப்பிள் கம்பெனி 2025 மே மாதம் முதல் ஒரு ஷேருக்கு 3 மாதத்துக்கு 26 சென்ட் கொடுத்தது. 4 ஷேர் வைத்திருப்பவருக்கு ஒரு தடவைக்கு 1 டாலர் 4 சென்ட். ஒரு டீ, ஒரு வடை காசு.

"இதுக்கெல்லாமா வரி?" என்று நினைத்து ரிட்டர்னில் காட்டாமல் விட்டு விடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு டாலரும் கணக்குதான்

இந்தியாவில் வசிப்பவர் என்ற கணக்கில் வரும் ஒருவர், உலகத்தில் எந்த மூலையில் சம்பாதித்தாலும் அது இந்திய வருமான வரி கணக்கில் சேரும். வெளிநாட்டு கம்பெனி கொடுக்கும் டிவிடெண்ட், 'இதர வருமானம்' என்ற தலைப்பில் வருகிறது. இதற்கு தனி வரி விகிதம் எதுவும் கிடையாது. சம்பளத்தோடு கூட்டி, மொத்த தொகை எந்த சிலாப்பில் விழுகிறதோ அந்த விகிதப்படி வரி.

பழைய ஆட்கள் சிலர், டிவிடெண்டுக்கு வரியே கிடையாது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது உள்ளூர் கம்பெனி விவகாரம். இந்திய கம்பெனிகள் தாங்களே வரி கட்டி விட்டு டிவிடெண்ட் கொடுத்து வந்தன. அதனால் வாங்கியவர் கையில் ரூ.10 லட்சம் வரை வரி இல்லாமல் இருந்தது. 2020 ஏப்ரல் 1-ந்தேதியோடு அந்த முறை முடிந்து விட்டது. வெளிநாட்டு டிவிடெண்டுக்கு அந்த சலுகை அதற்கு முன்பும் இருந்ததில்லை.

பேஸ்புக்கின் தாய் கம்பெனியான மெட்டா, கூகுளின் தாய் கம்பெனியான ஆல்பாபெட் ஆகிய 2 கம்பெனிகளும் 2024-ம் ஆண்டில்தான் முதல் முறையாக டிவிடெண்ட் கொடுக்க ஆரம்பித்தன. அதுவரை அந்த ஷேரை வைத்திருந்தவர்களுக்கு இந்த தலைவலி இல்லை. இப்போது அவர்களும் வரிசையில் நிற்கிறார்கள்.

"அங்கயே பிடிச்சுட்டாங்களே"

ஆடிட்டர் ஆபீசில் முதலில் வரும் கேள்வி இதுதான். "ஏனுங்க, அமெரிக்காவுல அப்பவே பிடிச்சுட்டுத்தானே அனுப்புறாங்க. இங்க எதுக்குங்க மறுபடியும்?"

பிடிப்பது உண்மைதான். அமெரிக்க கம்பெனி வெளிநாட்டுக்காரருக்கு டிவிடெண்ட் கொடுத்தால் பொதுவாக 30 சதவீதம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த நாட்டு சட்டம். இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி, இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு அது 25 சதவீதம்.

இந்த 5 சதவீத குறைப்பு தானாக கிடைக்காது. 'டபிள்யூ-8 பி.இ.என்.' என்ற படிவத்தை புரோக்கரிடம் கொடுத்திருக்க வேண்டும். கணக்கு தொடங்கும்போதே ஆப்பில் இதை நிரப்ப சொல்வார்கள். கையெழுத்து போட்ட வருஷத்துக்கு பிறகு 3-வது வருஷம் முடிகிறவரைதான் அது செல்லும். அப்புறம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மறந்து 30 சதவீதம் பிடித்து விட்டால், அதிகப்படியான 5 சதவீதத்தை இந்திய வருமான வரித்துறை கழித்துக்கொடுக்காது. ஒப்பந்தத்தில் உள்ள 25 சதவீதத்துக்குத்தான் இங்கே மதிப்பு. மீதியை அமெரிக்க வரித்துறையிடம்தான் கேட்க வேண்டும். 5 டாலருக்காக யார் அமெரிக்காவுக்கு மனு போடுவது?

எல்லா நாடும் இப்படி பிடிப்பதில்லை. சிங்கப்பூரில் டிவிடெண்டுக்கு பிடித்தம் கிடையாது. இங்கிலாந்தில் சாதாரண கம்பெனி டிவிடெண்டுக்கும் கிடையாது. அங்கெல்லாம் முழுத்தொகையும் கைக்கு வரும். அதனால் இங்கே முழு வரியும் கட்ட வேண்டும்.

கைக்கு வந்தது அல்ல, மொத்தம்

பலரும் தவறு செய்யும் இடம் இது. 100 டாலர் டிவிடெண்டில் 25 டாலர் பிடித்தம் போக 75 டாலர் கணக்கில் ஏறியிருக்கும். ரிட்டர்னில் 75 டாலரை காட்டுகிறார்கள். அது தப்பு. காட்ட வேண்டியது 100 டாலர். பிடித்த 25 டாலரை வரி கழிவாக தனியாக கேட்க வேண்டும்.

டிவிடெண்டை கையில் வாங்காமல், அதே கம்பெனி ஷேரையே மறுபடி வாங்கும்படி ஆப்பில் 'செட்டிங்' போட்டு வைத்திருப்பவர்களும் உண்டு. பணம் கைக்கே வரவில்லையே என்று சொல்லி தப்ப முடியாது. அதுவும் வருமானம்தான்.

டாலரை ரூபாயாக மாற்றுவதற்கும் ஒரு விதி இருக்கிறது. கூகுளில் அன்றைய ரேட் பார்த்து போட முடியாது. டிவிடெண்ட் வந்த மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் ஸ்டேட் வங்கியின் 'டி.டி. வாங்கும் ரேட்' என்னவோ, அதைத்தான் எடுக்க வேண்டும். ஆகஸ்டு 14-ந்தேதி டிவிடெண்ட் வந்தால் ஜூலை 31-ந்தேதி ரேட். பிடித்த வரியை மாற்றுவதற்கும் இதே மாதிரிதான், பிடித்த மாதத்துக்கு முந்தைய மாத கடைசி நாள்.

என்ஜினீயர் ஒருவரின் கணக்கு

ஒரு கம்ப்யூட்டர் என்ஜினீயருக்கு வருஷ சம்பளம் ரூ.30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். புதிய வரி முறையில் இருக்கிறார். 2025-26 நிதியாண்டில் அவருக்கு 200 டாலர் டிவிடெண்ட் வந்தது. கணக்குக்கு சுலபமாக டாலர் ரூ.85 என்று எடுத்துக்கொண்டால் ரூ.17 ஆயிரம். அமெரிக்காவில் பிடித்தது ரூ.4,250. கைக்கு வந்தது ரூ.12,750.

புதிய முறையில் ரூ.24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். அதோடு 4 சதவீத செஸ். ஆக ரூ.17 ஆயிரத்துக்கு இந்திய வரி ரூ.5,304. அமெரிக்காவில் கட்டிய ரூ.4,250-ஐ கழித்தால் இங்கே கட்ட வேண்டியது ரூ.1,054.

கழிவு கேட்க தெரியாமல் விட்டால்? அங்கே ரூ.4,250, இங்கே ரூ.5,304. மொத்தம் ரூ.9,554. வந்த டிவிடெண்டில் பாதிக்கு மேல் வரியாகவே போய்விடும்.

இதில் ஒரு நெளிவு இருக்கிறது. வெளிநாட்டில் கட்டிய வரி, அந்த வருமானத்துக்கு இந்தியாவில் வரும் வரி, இரண்டில் எது குறைவோ அதுதான் கழிவு. இந்திய வரி என்று எதை எடுப்பது? மேலே 30 சதவீத சிலாப்பை எடுத்தோம். ஆனால் மொத்த வரியை மொத்த வருமானத்தால் வகுத்து, சராசரி விகிதத்தை எடுப்பதுதான் ஆடிட்டர்கள் பலரின் வழக்கம். இந்த என்ஜினீயருக்கு நிலையான கழிவு ரூ.75 ஆயிரம் போக, டிவிடெண்டையும் சேர்த்து வருமானம் ரூ.29 லட்சத்து 42 ஆயிரம். மொத்த வரி ரூ.4 லட்சத்து 81 ஆயிரத்து 104. சராசரி விகிதம் 16.35 சதவீதம். அப்படி பார்த்தால் ரூ.17 ஆயிரத்துக்கு கழிவு ரூ.2,780 மட்டும்தான். இங்கே கட்ட வேண்டியது ரூ.2,524 ஆக ஏறிவிடும்.

ரிட்டர்ன் போட்டுக்கொடுப்பவரிடம் எந்த முறையில் கழிவு எடுத்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.

சின்ன சம்பளக்காரருக்கு?

மொத்த வருமானமே ரூ.9 லட்சம் என்றால் புதிய முறையில் வரி இல்லை. ரூ.12 லட்சம் வரை முழு தள்ளுபடி. டிவிடெண்டும் அந்த ரூ.12 லட்சத்துக்குள் அடங்கினால் அதற்கும் சேர்த்துத்தான் தள்ளுபடி.

சந்தோஷம்தான். ஆனால் அமெரிக்காவில் பிடித்த 25 சதவீதம் போனது போனதுதான். இங்கே வரி பூஜ்யம் என்பதால் கழிவும் பூஜ்யம். இந்திய அரசு அதை திருப்பிக்கொடுக்காது. அமெரிக்க அரசுக்கு கட்டியதை இவர்கள் எப்படி கொடுப்பார்கள் என்று கேட்டால் அதுவும் நியாயம்தான்.

பாரம் 67

கழிவு வேண்டும் என்றால் வருமான வரி இணையதளத்தில் 'பாரம் 67' போட வேண்டும். எந்த நாடு, எவ்வளவு வருமானம், எவ்வளவு பிடித்தார்கள், அதற்கு ஆதாரம் என்ன என்பதை அதில் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ரிட்டர்ன் கெடு தேதிக்குள் இதை போடவில்லை என்றால் கழிவு கிடையாது என்று திருப்பி விட்டார்கள். 2022-ம் ஆண்டு விதியை மாற்றி, மதிப்பீட்டு ஆண்டு முடிவதற்குள் போட்டால் போதும் என்று தளர்த்தினார்கள். 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கு 2027 மார்ச் 31 வரை. அதற்கும் ரிட்டர்னை உரிய காலத்தில் போட்டிருக்க வேண்டும்.

2025-26 சம்பாத்தியம் வரை 1961-ம் ஆண்டு பழைய சட்டம். 2026 ஏப்ரல் 1-ந்தேதிக்கு பிறகு வரும் வருமானத்துக்கு 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரி சட்டம். செக்‌ஷன் எண்கள் மாறுகின்றன. டிவிடெண்டுக்கு சிலாப் வரி என்ற அடிப்படை மாறவில்லை.

சஹஜ் படிவம் செல்லாது

சம்பளக்காரர்கள் வழக்கமாக போடுவது ஐ.டி.ஆர்.-1, அதாவது 'சஹஜ்'. 5 நிமிடத்தில் முடிந்து விடும். வெளிநாட்டில் ஒரே ஒரு ஷேர் இருந்தாலும் அந்த படிவத்தை தொடக்கூடாது. ஐ.டி.ஆர்.-2 போட வேண்டும். தொழில் வருமானம் இருந்தால் ஐ.டி.ஆர்.-3.

அந்த படிவத்தில்தான் 'எப்.ஏ.' என்ற அட்டவணை இருக்கிறது. வெளிநாட்டு சொத்து பட்டியல். எந்த கம்பெனி ஷேர், எப்போது வாங்கியது, வாங்கிய மதிப்பு, அந்த வருஷத்தில் அதிகபட்சமாக எட்டிய மதிப்பு, கடைசி நாள் மதிப்பு, வந்த டிவிடெண்ட் எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஷேர் கிடக்கும் புரோக்கர் கணக்கையும் காட்ட வேண்டும். நடுவில் விற்று விட்டாலும் அந்த வருஷத்து பட்டியலில் எழுத வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம். இந்திய வருமான கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஆனால் இந்த சொத்து பட்டியல் ஜனவரி முதல் டிசம்பர் வரை. 2025-26 ரிட்டர்னில் டிவிடெண்ட் வருமானம் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை. சொத்து பட்டியல் 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஒரே ரிட்டர்னில் இரண்டு காலண்டர். இரண்டு இடத்திலும் டிவிடெண்ட் தொகை வேறு வேறாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்புதான்.

வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத, வீட்டில் இருக்கும் மனைவி பெயரில் அமெரிக்க ஷேர் வாங்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். வருமானம் வரம்புக்கு கீழே இருந்தாலும், வெளிநாட்டு சொத்து இருந்தால் ரிட்டர்ன் போடுவது கட்டாயம்.

சிங்கப்பூரில் இருந்து திரும்பியவர்கள்

பல வருஷம் வெளிநாட்டில் இருந்து விட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. முந்தைய 10 வருஷத்தில் 9 வருஷம் வெளிநாட்டுவாசியாக இருந்திருந்தாலோ, முந்தைய 7 வருஷத்தில் இந்தியாவில் இருந்தது மொத்தம் 729 நாளுக்கு மேல் போகாமல் இருந்தாலோ, அவர் 'சாதாரணமாக வசிப்பவர் அல்ல' என்ற இடைநிலை பிரிவில் வருவார். திரும்பிய பிறகு 2, 3 வருஷம் இந்த நிலை நீடிக்கும்.

அந்த காலத்தில் சிங்கப்பூர் ஷேருக்கு வரும் டிவிடெண்ட், சிங்கப்பூர் வங்கி கணக்கில் விழுந்தால் இங்கே வரி இல்லை. சொத்து பட்டியலும் போட வேண்டாம். ஆனால் நேராக இந்திய வங்கி கணக்கில் வந்து விழும்படி செய்திருந்தால், அது இந்தியாவில் பெற்ற வருமானம் ஆகி விடும், வரி உண்டு.

இடைநிலை முடிந்த வருஷத்தில் இருந்து எல்லாமே மாறும். சிங்கப்பூரில் ஒரு காசு பிடித்தம் இல்லாமல் வருகிற டிவிடெண்டுக்கு இங்கே முழு சிலாப் வரி. அதுவரை பழகிய பழக்கத்தில் பேசாமல் இருந்து விடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

ரூ.10 லட்சம் எப்படி வந்தது?

2015-ம் ஆண்டு கொண்டு வந்த கருப்பு பண தடுப்பு சட்டம்தான் காரணம். ஹவாலா பேர்வழிகளை பிடிக்க வந்த சட்டம் என்று பேர். ஆனால் வெளிநாட்டு சொத்தை ரிட்டர்னில் காட்டாமல் விட்டால், ஒவ்வொரு வருஷத்துக்கும் ரூ.10 லட்சம் அபராதம் போட அதில் வழி இருக்கிறது. வரி ஏய்ப்பு இல்லாமல், அட்டவணை நிரப்ப மறந்த சம்பளக்காரர்களுக்கும் இந்த நோட்டீஸ் போனதுதான் பெரிய கூக்குரலை கிளப்பியது.

அதன் பிறகு 2024 அக்டோபர் 1-ந்தேதி முதல் ஒரு தளர்வு வந்தது. நிலம், வீடு நீங்கலாக வெளிநாட்டு சொத்துகளின் மொத்த மதிப்பு ரூ.20 லட்சத்தை தாண்டாமல் இருந்தால் இந்த அபராதம் கிடையாது. 4 ஆப்பிள் ஷேர் வைத்திருப்பவர் ரூ.10 லட்சத்துக்கு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அபராதம்தான் இல்லை. பட்டியலில் காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது. கம்பெனி கொடுத்த ஷேர் 4, 5 வருஷத்தில் ஏறி ரூ.20 லட்சத்தை தாண்டுவது ஐ.டி.காரர்களுக்கு பெரிய விஷயம் இல்லை. அப்போது தப்பிக்க முடியாது.

டிவிடெண்டை வருமானமாகவே காட்டாமல் மறைத்தது தெரிய வந்தால் கதை வேறு. அந்த சட்டப்படி 30 சதவீத வரி, அதற்கு மேல் வரியைப்போல் 3 மடங்கு அபராதம். 100 ரூபாய் டிவிடெண்டுக்கு 120 ரூபாய் போகும்.

யார் சொல்லிக்கொடுப்பது?

"4 டாலர் வந்தது டெல்லிக்கு எப்படி தெரியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும். 2015 ஜூலை 9-ந்தேதி இந்தியாவும் அமெரிக்காவும் தகவல் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டன. அங்கே உள்ள இந்தியர்களின் கணக்கு, அதில் வரும் டிவிடெண்ட் விவரம் இங்கே வருகிறது. சிங்கப்பூர் உள்பட 100-க்கும் மேற்பட்ட நாடுகள் இன்னொரு பொது ஏற்பாட்டின் கீழ் கணக்கு விவரங்களை மாற்றிக்கொள்கின்றன.

அதை வைத்துத்தான் 2024 நவம்பரில் மத்திய நேரடி வரிகள் வாரியம், சந்தேகப்பட்டவர்களுக்கு எஸ்.எம்.எஸ்., இ-மெயில் அனுப்பியது. அதன் பிறகு 24 ஆயிரத்து 678 பேர் ரிட்டர்னை திருத்தினார்கள். 5 ஆயிரத்து 483 பேர் தாமதமாக புது ரிட்டர்ன் போட்டார்கள். வெளியே வந்த வெளிநாட்டு சொத்து ரூ.29 ஆயிரத்து 208 கோடி. வருமானம் ரூ.1,089 கோடி. 2025 நவம்பர் 28-ந்தேதி முதல் இரண்டாவது ரவுண்டு மெசேஜ் போக ஆரம்பித்தது.

அப்படி மெசேஜ் வந்தால் அது நோட்டீஸ் அல்ல, கைது வாரண்டும் அல்ல. திருத்திய ரிட்டர்ன் போட்டு சரி செய்துகொள்ள ஒரு வாய்ப்பு. டிசம்பர் 31-ந்தேதிக்குள் முடித்து விடுவது பாதுகாப்பு. மெசேஜில் வரும் லிங்க்கை அழுத்தாமல், வருமான வரி இணையதளத்தில் நேராக உள்ளே போய் பார்க்க வேண்டும். இதே பெயரில் போலி மெசேஜ் அனுப்பும் கும்பலும் இருக்கிறது.

இது மட்டும் கணக்கில் வராது

இந்திய மியூச்சுவல் பண்ட் கம்பெனி மூலம் மாதம் ரூ.500 கட்டி, அந்த பணத்தை அவர்கள் அமெரிக்க ஷேரில் போட்டால் அது வெளிநாட்டு சொத்து ஆகாது. பண்ட் யூனிட் இந்தியாவில்தான் இருக்கிறது. எப்.ஏ. அட்டவணை, பாரம் 67 எதுவும் வேண்டாம்.

நேரடியாக ஷேர் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க புரோக்கர் வருஷந்தோறும் '1042-எஸ்' என்ற சீட்டு அனுப்புவார். முந்தைய ஜனவரி முதல் டிசம்பர் வரை கொடுத்த டிவிடெண்ட், பிடித்த வரி இரண்டும் அதில் இருக்கும். மார்ச் 15-ந்தேதி வாக்கில் இ-மெயிலிலோ, ஆப்பிலோ வரும். பாரம் 67-க்கு ஆதாரம் அதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை வந்த தொகைக்கு மட்டும் புரோக்கர் ஸ்டேட்மெண்டை தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும், அது அடுத்த வருஷ சீட்டில்தான் வரும்.